துண்டு விழும்வரை

வெயிலில் வற்றிய கண்மாய்ச் சேற்றுக்கு ஒரு வாசனை உண்டு. பாசியும் மீனும் அழுகிய தாமரைத் தண்டும் கலந்த அந்த வாடை எங்காவது மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்கு இடுப்புக்குக் கீழே சில்லிட்டுப் போகும்.

வாலிநோக்கத்திலிருந்து கடல் மீன் சைக்கிளில் வாசலுக்கே வந்துவிடும் என்றாலும், கோடையில் தண்ணீர் வற்றி, ஊரே இறங்கி மீன்பிடித்துக் ‘கண்மாய் அழிக்கிற’ அன்று பிடிபடும் கெளுத்திக்கும் விராலுக்கும் எங்கள் ஊரில் தனி மவுசு. சுற்றுவட்டாரச் சனமெல்லாம் விடியும்போதே வலையும் ‘ஊத்தா’வுமாக, அதாவது மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கிற அடியில்லாத மூங்கில் கூடையுமாக, கரையில் வந்து நிற்கும். ஊரில் முதல் மரியாதைக்காரரான ‘அம்பலம்’ மடையருகே அய்யனாருக்குச் சூடம் காட்டிவிட்டு, கரையேறி, தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அதற்குத்தான் ‘துண்டு விழுகிறது’ என்று பெயர். அதுவரை ஒருவர் காலும் தண்ணீரில் படக்கூடாது. “துண்டு விழுகாம கால் நனைஞ்சா, அடுத்த வருசம் கண்மாய் நனையாது” என்பார்கள். வானத்தை அண்ணாந்து பார்த்தே வயதாகிப் போகிற சீமையில் இதைவிட என்ன மிரட்டல் வேண்டும்? போலீஸ் கிடையாது, கம்பு கிடையாது. அத்தனை சனமும் ஒரு துணிக்குக் கட்டுப்பட்டு நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புத்தான்.

நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. மீனைப் போட்டுக்கொள்ள ஒரு சட்டியோடு, என்னைப் பெற்ற அய்யாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியதில் கரைச் சரிவில் உருண்டு, யாரோ எப்போதோ வண்டல் அள்ளிய கிடங்குப் பள்ளத்தில் போய் விழுந்தேன். தண்ணீர் என்னவோ கொஞ்சம்தான். சேறுதான் ஆளை இடுப்புவரை இழுத்தது. உதற உதற நெஞ்சுவரை போனேன். கரை முழுக்க ஆட்கள், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், எல்லோரும் கத்துகிறார்கள், ஒருவரும் இறங்கவில்லை. என் காலில் முள் தைத்தால் தன் கால் நொண்டுகிற அய்யா, தண்ணீர் விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடி என்னை ஒருதரம், மடைப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அசையாம நில்லு தாயி. துண்டு விழுகவும் அய்யா வந்துர்றேன்.”

அசையாமல் நின்றேன். சேறும் அதற்குமேல் இழுக்கவில்லை.

கூச்சல் கேட்டு அம்பலம் சூடத்தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்தவர் யோசிக்கவேயில்லை, கட்டிய வேட்டியோடு இறங்கி, என் அக்குளில் கைகொடுத்துப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். துண்டுக்குச் சொந்தக்காரரே தண்ணீரில் நிற்கும்போது இனியாவது யாராவது இறங்கி வந்து கைகொடுத்திருக்க வேண்டுமே, இல்லை. துண்டு இன்னும் அவர் தோளில்தானே கிடந்தது! என் முகத்தில் அப்பியிருந்த சேற்றைத் துடைக்க அவர் அதை உருவி ஒரு உதறு உதறினார் பாருங்கள், கரை மொத்தமும் ‘ஓ’வென்று தண்ணீருக்குள் சரிந்தது. அம்பலம் பதறிப்போய்க் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

“ஏலே, நில்லுங்கடா! புள்ள இருக்குடா! நான் வீசலடா!”

யார் கேட்டார்கள்? அவர் கை ஆட ஆட, கையிலிருந்த துண்டும் சேர்ந்து ஆடியது; பார்த்தவர்கள் இன்னும் வேகமாக ஓடிவந்தார்கள். எங்களைச் சுற்றி ஊத்தாக்கள் கவிழ்ந்தன, விரால்கள் துள்ளின. நானோ பயத்தையும் மறந்து அவர் தோளிலிருந்து வாய்பிளந்து பார்த்தேன். ஊரே தெய்வத்துக்கு அடுத்தபடியாக மதித்த அந்த மனிதரின் கழுத்து நரம்பு என் கன்னத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதல் ஆளாக வந்து என்னை வாங்கியவர் அய்யாதான். அவர் கையில் ஊத்தா இல்லை.

துண்டு விழுமுன்னே அம்பலத்தின் கால் நனைந்துவிட்டதல்லவா? ஆனால் அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அதைப் பற்றி ஊரில் யாரும் வாயே திறக்கவில்லை. மறுவருடமும் அதே சனம், அதே கரையில், அதே துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இப்போது இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். மனிதர்கள் ஏன் சொன்னபடி கேட்கிறார்கள் என்பதும் பாடத்தில் உண்டு. மேலே ஒருவர் இருந்தால் பொறுப்பை அவர் தலையில் வைத்துவிட்டு நாம் லேசாகிவிடுகிறோம் என்றும், பக்கத்தில் நிற்பவர் அசையாதபோது நம் காலும் எழுவதில்லை என்றும், ஆளைவிட அவருடைய அடையாளத்துக்கே, காக்கிக்கும் நாற்காலிக்குமே, அதிகம் பணிகிறோம் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எல்லாம் சரிதான். சொல்லும்போதெல்லாம் என் கன்னத்தில் அந்த நரம்பு அடிக்கும்.

அம்பலம் காலமாகிவிட்டார். கண்மாயில் பாதிக்குமேல் சீமைக்கருவேல் ஏறிவிட்டது; மீன்பிடி என்று நடந்தாலும் மைக்கில் அறிவிக்கிறார்கள், அறிவிப்பு முடிவதற்குள் பாதிப்பேர் இறங்கிவிடுகிறார்கள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, இத்தனை வருடமாக அய்யாவிடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்: அன்றைக்கு அம்பலம் வராமலே போயிருந்தால் நீங்கள் இறங்கியிருப்பீர்களா?

அய்யா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சேறு நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு. நீ ஏன் தாயி அசையாம நின்ன?”

“நீங்க சொன்னீகய்யா,” என்றேன்.