பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை

கப்பல் கவிழ்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கொக்கியில் கோதுமை மூட்டைகள் தொங்க, கூண்டிலிருந்து கீழே பார்த்தபோது கப்பலின் மேல்தளம் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு கடலும் அதோடு சேர்ந்து சாய்ந்தது. பிரேக்கைப் போட்டுவிட்டு, கப்பல் சாய்கிறது, ஓடுங்கள் என்று கத்தினேன். கீழே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். இருவர் தண்ணீரில் குதித்தார்கள். கப்பல் மட்டும் அசையாமல் நின்றது.

என்னைக் கயிறு கட்டி இறக்கினார்கள். மேற்பார்வையாளர் முதல் வேலையாக என் வாயை மோந்து பார்த்தார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். காலையில் தின்ற நெத்திலிக் கருவாடு மணந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

என் பெயர் ஆரோக்கியசாமி. இந்தப் பெயரோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பது தனிக் கஷ்டம். கம்பவுண்டர் ஒவ்வொரு முறையும் "ஆரோக்கியம் யாரு?" என்று கேட்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வாந்தி எடுக்கும் முகத்தோடு நான் எழுந்து நிற்பேன். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

தலை சுற்றுகிறது என்று போனவனைக் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். சீட்டு மாறிவிட்டது என்று நினைத்தேன். அங்கிருந்த டாக்டர் நிதானமானவர். இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரும்புக் கவை) ஒவ்வொரு காதருகிலும் பிடித்தார். வலக்காதில் கோயில் மணிபோல் கேட்டது. இடக்காதில் அடுத்த தெருவில் யாரோ தகரம் தட்டுவதுபோல் கேட்டது. பிறகு காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டுத் தலை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். சுற்றும், நானே சொல்கிறேனே என்றேன். அவர் கேட்கவில்லை. சுற்றியது.

எனக்கு வந்திருந்தது மெனியர் நோய் (உள்காதில் இருக்கும் நீர் அளவுக்கு மீறிச் சேர்ந்து, உடம்பின் சமநிலையைக் குலைப்பது). அதனால் வெர்ட்டிகோ (அசையாத உலகம் சுழல்வதாக மூளை நம்பிவிடுவது) வரும். டினிட்டஸ் (வெளியே சத்தம் இல்லாமலே காதுக்குள் கேட்கும் இரைச்சல்) வரும். இதனால் உயிர் போகாது என்றார் டாக்டர். ஆனால் இனி உயரத்தில் ஏறும் வேலையை மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

காதுக்குள் நீர் என்பதை மட்டும் என் மனைவி ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். ராயபுரம் கடற்கரையில் வளர்ந்தவள். கடலில் முங்கிக் காதில் தண்ணீர் போனால், தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்தால் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் என்னைக் குதிக்க வைத்தாள். இந்த நோய் உள்ளவர்களுக்கு என் முதல் அறிவுரை: ஒற்றைக்காலில் குதிக்காதீர்கள். நான் பானைகள் மேல் விழுந்தேன்.

மாத்திரைகளைவிடக் கடினமானது உப்பில்லாப் பத்தியம். கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை. எங்கள் தெருவில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எல்லா வீட்டிலும் கருவாடு வறுபடும். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உப்பில்லாக் கஞ்சி குடிப்பேன். மாடிப் போர்ஷனில் இருந்த காதர் பாயின் மனைவி இரக்கப்பட்டு எனக்கென்று உப்பில்லாமல் பிரியாணி செய்து அனுப்பினார். அதை நான் சாப்பிட்டேன். மிச்சத்தைப் பூனைக்கு வைத்தோம். அது மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

சுற்றல் வரும்போது அசையாத ஒரு பொருளைப் பார்க்கச் சொல்வார்கள். நான் காலண்டரில் இருந்த மாதாவைப் பார்ப்பேன். மாதாவும் சுற்றுவார், மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெதுவாக.

ஆனால் சுற்றலாவது வந்துவிட்டுப் போகும். இரைச்சல் போகாது. இடக்காதுக்குள் ஒரு கப்பல் எஞ்சினை எந்நேரமும் ஓட்டிக்கொண்டு நின்றது. கிளம்பவும் இல்லை, அணையவும் இல்லை. கிரேன் போய்விட்டது, இனி இந்தச் சத்தம்தான் என் துணை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தேன். பைத்தியம் பிடிப்பது இப்படித்தான் தொடங்கும் என்று தோன்றியது. ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

காதர் பாய் வெளிநாட்டுச் சாமான் வியாபாரி. கப்பல்காரர்களிடம் வாங்கி விற்பார். ஒரு சாயங்காலம் சிறிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். ஸ்பூல் டேப் ரெக்கார்டர். பேட்டரியிலும் ஓடும். கூடவே சில நாடாச் சுருள்கள். டான்ஸ் பாட்டு என்று நம்பி வாங்கியிருந்தார். போட்டுப் பார்த்தால் பாட்டே இல்லை. ஒரு ரீங்காரம். அதற்குள் எங்கோ நீர் சொட்டும் ஓசை. இரும்பை யாரோ மெல்லத் தடவுவதுபோல் ஒன்று. நீளமாக ஒரு பெருமூச்சு. தாளம் இல்லை, ராகம் இல்லை.

வண்ணாரப்பேட்டை மெக்கானிக் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னதைப் பாய் வருத்தத்தோடு ஒப்பித்தார். "மிஷின் நல்லாத்தான் கீதாம் நைனா. பாட்டுதான் ரிப்பேராம்."

கப்பல் எஞ்சின் சத்தம் தெரிந்தவன் என்பதால் என்னிடம் கொண்டுவந்திருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. என் காதுக்குள் இருந்த இரைச்சலைக் காணவில்லை. பெட்டியின் ரீங்காரத்துக்குள் அது கரைந்துவிட்டிருந்தது. நோய் வந்த பிறகு முதன்முறையாக எனக்கு வெளியே ஏதோ நடந்துகொண்டிருந்தது. அழுதுவிட்டேன். பாய் பயந்துபோய்ப் பெட்டியை நிறுத்தினார். நிறுத்த வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடித்துவிட்டுப் பாய் வருவார். டீ வரும். நாடா சுழலும். என் காதுக்காக வருவதாகப் பாய் ஒருநாளும் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் முன்னோட்டம் விடுகிறார்கள் என்றால் பாட்டு பெரியதாக இருக்கும், அது ஆரம்பிக்கும்போது தானும் கூட இருக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு. ஒவ்வொரு சுருளும் முடிந்து நாடாவின் வால் படபடக்கும்போது, "இன்னிக்கும் ஆரம்பிக்கல" என்று எழுந்து போவார்.

பிறகு கேட்டதைப் பற்றிப் பேசும் பழக்கம் வந்தது. பாய்க்கு அது ஐஸ் ஃபேக்டரி. மீன் சுத்தம் செய்துகொண்டே கேட்ட ஸ்டெல்லா, ஆளில்லாத நேரத்தில் மாதா கோயிலுக்குள் போனால் இப்படித்தான் இருக்கும் என்றாள். எனக்கு அது கப்பலின் அடித்தளம். யாரும் யாரையும் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் எங்கள் வீட்டில் திருட்டுத்தனமாக மாவு மிஷின் ஓடுகிறது என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் போய்ச் சொன்னார். சொந்தக்காரர் விசாரிக்க வந்தார். உட்கார்ந்து கேட்டார். தூங்கிவிட்டார்.

ஒருநாள் பாய் தவறுதலாகப் பதிவு செய்யும் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டார். ரீங்காரம் நின்றதை, பாட்டு ஆரம்பிக்கப் போவதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார். மறுநாள் நாடாவைப் போட்டபோதுதான் தெரிந்தது. ரீங்காரத்தின் நடுவே திடீரென எங்கள் வீடு கேட்டது. அடுப்பில் எண்ணெய் சீறியது. தெருவில் ஐஸ்காரர் மணி. பாய் டீ உறிஞ்சும் சத்தம். அது தன்னுடையது அல்ல என்று அவர் வாதாடினார்.

அப்புறம் என் குரல் வந்தது. முந்தின நாள் அந்த நேரத்தில் எனக்குச் சுற்றல் வந்திருந்தது. "ஸ்டெல்லா, புடி, புடி" என்று கத்துகிறேன். உடனே அவள் குரல், உலைக்கு அரிசி களைகிறவள்போல நிதானமாக: "புடிச்சிகினுதான் கீறேன்." நான் மறுபடி கத்துகிறேன். மறுபடி அவள், "புடிச்சிகினுதான் கீறேன்." நாடாவில் அது நெடுநேரம் போனது. சலிப்பில்லை, அவசரமில்லை.

சுற்றல் வரும்போது காது முழுக்க இரைச்சல்தான் இருக்கும். ஸ்டெல்லா பேசுவது எனக்குக் கேட்டதே இல்லை. அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்திருந்தேன். நான் அவளைப் பார்த்தேன். அவள் மீனைத் திருப்பிப் போடுவதில் மும்முரமாக இருந்தாள். பாய் மூக்கைச் சிந்திக்கொண்டு, இதை அழிக்க வேண்டாம் என்றார்.

அடுத்த முறை ஸ்டெல்லாவும் பாயும் கூட வர ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெட்டியையும் எடுத்துப் போனோம். என் காதுக்குள் என்ன கேட்கிறது என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த முறை அவரையே கேட்க வைக்கலாம் என்பது யோசனை. வராந்தாவில் காத்திருந்தபோது, நாடா சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாய் ஓடவிட்டுப் பார்த்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எதிரே இருந்த கொத்தனார், தன் காதில் கேட்பதும் இதுதான், ஆனால் கூடவே சில்வண்டு உண்டு என்றார். ஒரு டீச்சரம்மா, தனக்குக் குக்கர் விசில் என்றார். இன்னொருவர் தனக்கு இரண்டு காதிலும் வேறு வேறு சத்தம் என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னார். யாருடைய இரைச்சல் மோசம் என்று சண்டையே வந்துவிட்டது. காது கேட்காதவர்களின் சண்டை என்பதால் எல்லோரும் உரக்கத்தான் பேசினார்கள்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தபோது நாடா எங்கள் வீட்டுக்குள் போய்விட்டிருந்தது. "புடிச்சிகினுதான் கீறேன்" என்று வராந்தா முழுக்க ஸ்டெல்லாவின் குரல். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சண்டை நின்றுவிட்டது. டாக்டர் நின்றபடியே கடைசிவரை கேட்டார்.

"எவ்வளவு நேரம்மா இப்படிச் சொல்லுவீங்க?"

"அவருக்கு நிக்கிற வரிக்கும்."

டாக்டர் உள்ளே போய்ச் சீட்டை எடுத்தார். அன்று எனக்குத் தரையில் செய்யும் வேலை தரலாம் என்று எழுதிக் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம் தொடரும் என்பதை ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல.

இப்போது சரக்குக் கிடங்கில் வேலை. சுற்றல் எப்போதாவது வரும். இடக்காது ஏறக்குறைய போய்விட்டது. இரைச்சல் இருக்கிறது, அதை நிறுத்தச் சொல்லி நான் மன்றாடுவதில்லை. ஸ்டெல்லா கல்யாணமான நாளிலிருந்து என் இடப்பக்கம் நடந்தவள். இப்போது வலப்பக்கம் மாறிக்கொண்டாள். படுப்பதும் அப்படியே. கல்யாணப் போட்டோவைப் பார்க்கிறபோது அந்தப் பழைய இருவரும் இடம் மாறி நிற்பதுபோல் தெரிகிறது.

பெட்டியை வாங்க ஒருவர் வந்தார். பாட்டு ஆரம்பிப்பதற்குள் எப்படி விற்பது என்று பாய் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

முன்பெல்லாம் துறைமுகச் சங்கு ஊதியதும் கோரைப்பாயிலிருந்து துள்ளி எழுவேன். இப்போது கட்டில் வாங்கியிருக்கிறோம். விழித்ததும் அதன் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்துக் காத்திருக்கிறேன். சிலநாள் தரை உடனே கிடைக்கும். சிலநாள் தாமதமாகும். எனக்கு நேரம் என்பது இப்போது அதுதான். ஸ்டெல்லாவுக்குக் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் என் வலப்பக்கத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"தரை வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"சரி, வரட்டும்" என்று கூந்தலை அவிழ்த்து முடியத் தொடங்குவாள்.