தம்பியின் ஒன்பது விளக்குகள்

விளக்கை எப்போது அணைப்பது என்று முடிவு செய்ய வேண்டியது மனிதரா, அவர் செய்த கருவியா? ரிலே அக்கா என்று எல்லோரும் அழைத்த ஓர் எலக்ட்ரீஷியனின் வாழ்க்கை எழுப்பிய கேள்வி இது. கூடுதல் விளக்குகள் பொருத்தித் தங்கள் காரை இஷ்டப்படி அலங்கரிப்பவர்களுக்கு, ரிலே எனும் தானியங்கி சுவிட்ச் வைத்த சின்னப் பெட்டிகளை வீட்டு மேஜையிலேயே செய்து கொடுப்பார். பாட்டரி இறங்கினால் பெட்டி தானாகவே விளக்குகளை அணைத்துவிடும்.

ஒன்பது அலங்கார விளக்குகள் கொண்ட தம்பியின் காருக்கும் ஒன்று பொருத்தினார். கார் அலங்காரப் போட்டி மைதானத்தில், நடுவர்கள் வரப் பத்து நிமிடம் இருக்கையில், ஒன்பது விளக்குகளும் அணைந்தன.

"மானம் போகுதுக்கா! அந்தப் பெட்டியைப் பிடுங்கிப் போடு."

"கத்தாதடா. தப்பு என்னுதுதான். இன்ஜின் ஓடுறப்போ பாட்டரி காட்டுற வோல்டேஜைப் பார்த்து, அணைக்கிற அளவை வெச்சுட்டேன். இப்போ இன்ஜின் நிக்குது, வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினதும் பாட்டரி தீர்ந்துபோச்சுன்னு அது நினைச்சுக்கிச்சு."

அவரைக் கெட்டிக்காரர் என்பதைவிட, தன் தப்பைச் சீக்கிரம் கண்டுபிடிப்பவர் என்பதே சரி. அந்த அளவைக் குறைக்க, பெட்டிக்குள் இருந்த திருகை நிதானமாக அரைச் சுற்றுத் திருப்பினார். நடுவர்கள் வந்தபோது ஒன்பதும் எரிந்தன.

"பரிசு கிடைச்சா பாதி உனக்குக்கா."

"விளக்குல பாதியைக் கழட்டு, அது போதும்."

அதன்பின் அவர் செய்த ஒவ்வொரு பெட்டியிலும், அது அணைத்த விளக்கை மனிதர் மீண்டும் போட்டுக்கொள்ள ஒரு சுவிட்ச் இருந்தது. தன் சொந்தக் காரின் பெட்டியில் மட்டும் அவர் அந்தச் சுவிட்சை வைக்கவில்லை. தம்பி காரணம் கேட்டால், "சுவிட்ச் இருந்தா என் தப்பு எனக்கே தெரியாமப் போயிடும்டா" என்பார்.