டாக்டருக்கு ஜாமீன் நின்றவர்

"எந்த மீனும் என்கிட்ட வேஷம் போட முடியாதும்மா. மூஞ்சியப் பாத்தே ஜாதகம் சொல்லிடுவேன்!"

வில்லியனூரில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் சார்லஸ், பாகூர் ஆதிலட்சுமியின் கூடத்தில் நின்று இப்படி முழங்கிய அன்றுதான், அங்கிருந்த கடல்மீன் தொட்டிக்குள் 'டாக்டரை' விட்டார். விரல் நீளம், நீல உடம்பு, கறுப்புக் கோடு. மற்ற மீன்களின் மேல் ஒட்டிய பூச்சியையும் அழுக்கையும் தின்றே வயிறு வளர்க்கும் உத்தமப் பிறவி. பவளப் பாறையில் பெரிய பெரிய மீன்களே இதன் முன் வாயைத் திறந்து வரிசையில் நிற்கும் என்று சொல்லி, ஆதிலட்சுமியைக் கும்பிட வைக்காத குறை. சார்லசுக்கு அதை விற்ற மொத்த வியாபாரி மட்டும், "இதுல டூப்பு வரும்ணே, வாயப் பாத்து எடு" என்றிருந்தான். சார்லஸ் சிரித்துவிட்டு வந்திருந்தார்.

பத்தாம் நாள் போன். "சார்லசு, ராசாவோட வால்ல ஒரு துண்டைக் காணோம்."

ராசா, ஆதிலட்சுமி தன் கையால் ஊட்டி வளர்க்கும் ஏஞ்சல் மீன். ஆதிலட்சுமியோ பன்னிரண்டு காணி கரும்பைத் தனியாளாகக் கட்டி மேய்ப்பவர். அவர் செருமினால் கரும்பு வெட்டும் ஆட்கள் பீடியை விழுங்கிவிடுவார்கள். சார்லஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு பைக்கை மிதித்தார்.

பல் பெரிதாக இருந்த குற்றத்துக்காக டிரிக்கர் மீனை பக்கெட்டில் சிறை வைத்தார். மறுநாள் ராசாவின் முதுகுத் துடுப்பில் ஒரு கடி. கிளவுன் மீன் ஜோடி கைது. அடுத்த நாள் இன்னொரு கடி. போகிற போக்கில் ஒரு நத்தையையும் தூக்கினார். ராசா பாறை இடுக்கில் ஒடுங்கிக்கொண்டது. ஊட்ட வந்த கையைக் கண்டும் நடுங்கியது.

"பக்கெட்டு ரொம்புது, வாலு கொறையுது. இன்னாய்யா விசாரணை இது?" என்றார் ஆதிலட்சுமி. "ராசா செத்துச்சுன்னா, அப்புறம் நீ பாகூர்ப் பக்கமே தல காட்டக் கூடாது."

"டாக்டர் இருக்காரும்மா, அவரு பாத்துக்குவாரு."

சொல்லிக்கொண்டே சார்லஸ் தொட்டிக்குள் எண்ணிப் பார்த்தார். தொட்டியில் மிச்சமிருந்தது இரண்டே பேர். ஒருவர் கடிபட்டவர்.

இருபது வருடமாக மீன்களை நின்றபடியே பார்த்தவர் அவர்; குனிவது தொழிலுக்கு அவமானம் என்பது கொள்கை. அன்று மண்டியிட்டார். கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி அண்ணாந்து பார்த்தார். அசல் டாக்டருக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கும். இதற்கு அடியில், ஒளித்துவைத்தாற்போல் இருந்தது. நிறம், கோடு, ஆடி ஆடி நெருங்கும் அந்த நடை எல்லாம் இரவல்; பல் மட்டும் சொந்தம்.

விரலைத் தண்ணீருக்குள் விட்டார். டாக்டர் குலுக்கிக்கொண்டே வந்தது. நறுக்.

"இன்னா சார்லசு, யாரு அது?"

ரத்தம் துளிர்த்த விரலோடு சார்லஸ் டாக்டரை வலையில் அள்ளித் தனி பக்கெட்டில் விட்டார். பிறகு டிரிக்கரை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய், மெதுவாகத் தொட்டியில் இறக்கினார்.