ஐந்தாவது வண்டி

என் கணவரை அந்த ஜீப் கூட்டத்தில் எல்லோரும் ‘வால்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தெரியாதவர்கள் கேட்டால் பெரிய சேட்டைக்காரர் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். பிறந்ததிலிருந்து அந்த மனிதர் ஒரு சேட்டை செய்ததில்லை. மலைப்பாதையில் ஐந்து ஜீப்புகள் வரிசையாகப் போகும்போது கடைசியில் வருவது இவருடைய வண்டி. அதனால் வால். அதைக் கேட்டு இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி வண்டி என்றால் சும்மா பின்னால் வருவது அல்ல. முன்னால் போகிற நான்கு வண்டிகள் கிளப்பும் புழுதி முழுக்க இவர் மூக்குக்குள்தான். யாராவது சேற்றில் இறங்கிவிட்டால் இவர் இரும்புக் கயிற்றை மாட்டி இழுக்க வேண்டும். டயர் பஞ்சரா, இவர். யாரோ மூக்குக்கண்ணாடியை ஓடைக்கரையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்களா, அதற்கும் இவர்தான் திரும்பிப் போக வேண்டும். “நம்பிக்கையான ஆள்தான் கடைசில வரணும்” என்பார் தலைவர். தலைவர் என்பவர் மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். கூட்டத்தை ஆரம்பித்தவர் என்பதால் தலைவர். முதல் வண்டி எப்போதும் அவருடையதுதான், ஏனென்றால் அவர் நம்பிக்கையான ஆள் இல்லை போலும்.

இவருக்குப் பிழைப்பும் அப்படித்தான் அமைந்தது. லிப்ட் மெக்கானிக். அடுக்குமாடியில் யாராவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் வரும், தலைக்குச் சோப்புப் போட்டால் வரும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்கள் எல்லாவற்றின் உச்சிக்கும் போயிருக்கிறார். ஆனால் அங்கே இவர் நிற்பது மோட்டார் அறையில். அதற்கு ஜன்னல் கிடையாது.

சொந்தக்காரர்கள் மட்டும் சும்மா விட்டார்களா? தம்பிகள் கல்யாணத்தில் இவர் வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் நான் தனியாக நிற்கிறேன். ஜெனரேட்டர் நின்றுபோய்விட்டது என்று அதைச் சரிசெய்ய மாப்பிள்ளையே போய்விட்டார். வந்திருந்தவர்கள் எல்லாம் “தங்கமான மனுஷன்” என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள், ஜெனரேட்டர் பக்கத்தில் வைக்க மாட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. இப்போதென்றால் சொல்லியிருப்பேன்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். ஹார்னைவிட என் குரல் பெரிது என்று பிள்ளைகள் சொல்லும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்பாள் என் தங்கை. வரத்தான் செய்யும். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்திதானே கோபப்பட வேண்டியிருக்கிறது.

இவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை போவது ஒரே மலைக்குத்தான். பாறையும் சரளையுமான பாதை. உச்சிக்குப் போனால் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும், மேகம் காலுக்குக் கீழே போகும் என்று இவர் திரும்பி வந்து எனக்குக் கதைகதையாகச் சொல்வார். நானும் வாயைப் பிளந்து கேட்பேன். மனுஷனுக்கு வருஷத்தில் ஒரு நாளாவது இப்படி வாய்க்கிறதே என்று எனக்குள் சந்தோஷம்.

இந்த வருஷம் வனத்துறை ஓர் அறிவிப்புப் போட்டது. மண் சரிகிறது, இந்தப் பருவத்தோடு பாதையை மூடுகிறோம், இனி வண்டியும் கூடாது, நடையும் கூடாது என்று. அதைப் படித்தபோது இவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“போனா போகுது விடுங்க. நீங்கதான் வருஷா வருஷம் பாத்தாச்சே” என்றேன்.

தலையை நிமிர்த்தாமல், “நான் எங்கே பாத்தேன்? நான் கீழதானே இருப்பேன்” என்றார்.

“கீழன்னா?”

“மேல நாலு வண்டிதான் நிக்க முடியும், திருப்ப முடியும். அஞ்சாவது வண்டி கடைசி ஏத்தத்துக்குக் கீழ நின்னுக்கும். மேல யாருக்காவது ஒண்ணுன்னா வாக்கி டாக்கியில சொல்வாங்க. உடனே இறங்கிப் போய் ஆள் கூட்டிட்டு வரணும்ல?”

“அப்ப மேகம் காலுக்குக் கீழ போகும்னு சொன்னீங்களே?”

“அது நம்ம கூட்டத்துப் பல் டாக்டர் சொன்னது. அவர் ரொம்ப நல்லா சொல்வார்” என்று ஒரு சட்டையை உதறினார்.

இத்தனை வருஷமும் இந்த மனுஷன் ஒரு பாறைக்குக் கீழே வாக்கி டாக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்தவன் பார்த்ததை எனக்கு வந்து சொல்லியிருக்கிறார்! “ஒரு தடவைகூட நான் வரேன்னு கேக்கலையா?” என்றேன். “கேட்டா விட்டிருப்பாங்க. ஆனா கீழ யாராவது இருக்கணுமே” என்றார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று சும்மாவா சொல்வார்கள்.

பாதை மூடுவதற்குள் கடைசியாக ஒரு தடவை போய்விட்டு வருவது என்று முடிவாயிற்று. திட்டம் போடும் கூட்டம் வழக்கம்போல எங்கள் வீட்டில். எங்கள் சாப்பாட்டு மேஜை பெரியது, டீ போடுகிறவள் நான், வேறென்ன வேண்டும்? வரைபடத்தை மேஜை முழுக்க விரித்து, நான்கு மூலைக்கும் என் நான்கு டம்ளர்களை வைத்தார்கள். தலைவர், அவருடைய மச்சான், பல் டாக்டர், போட்டோ ஸ்டுடியோக்காரர். மச்சானை ஊரே மச்சான் என்றுதான் கூப்பிடும். இவருக்கு நாற்காலி இல்லை. சுவரோரம் நின்றபடி, யார் டம்ளர் காலி என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டயரில் காற்றை எவ்வளவு குறைப்பது, எந்த ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கும், அடுப்பு யார் வண்டியில் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். மச்சான் புதிதாக ஒரு பறக்கும் கேமரா வாங்கியிருக்கிறார். அதை முதல் வண்டியிலிருந்து பறக்க விடுவதா, இரண்டாவது வண்டியிலிருந்தா என்று ஒரு பெரிய வாதம். நான் இரண்டாம் முறை டீ போட்டுக்கொண்டு வந்தபோதும் அந்தக் கேமரா இறங்கவில்லை. கடைசியில் தலைவர் வரைபடத்தில் கடைசி ஏற்றத்துக்குக் கீழே விரலை வைத்து, “இங்க வால், வழக்கம்போல” என்றார். அவ்வளவுதான். ஒரு கேமராவுக்கு அவ்வளவு நேரம், ஒரு மனுஷனுக்கு மூன்று வார்த்தை.

தட்டை டொம்மென்று வைத்தேன்.

“தலைவரே, இவர் இதுவரைக்கும் அந்த உச்சியைப் பாத்ததே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்படியா? அண்ணன் சொல்லவே இல்லையே” என்றார் டாக்டர். “போட்டோல பாத்திருப்பாரேக்கா” என்றார் மச்சான். சமையலறையில் இருந்த பூரிக்கட்டை என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, அது மச்சானின் நல்ல காலம்.

“அவர் கீழ இருக்கார்ங்கற தைரியத்துலதானேம்மா நாங்க மேலயே ஏறறோம்” என்று தலைவர் ஐஸ் வைத்தார்.

“இந்த ஒரு தடவை உங்கள்ல யாராவது கீழ இருங்க. இதுக்கப்புறம் பாதையே கிடையாது.”

பார்க்க வேண்டுமே! டாக்டருக்கு இரும்புக் கயிறு மாட்டத் தெரியாதாம். மச்சானுக்கு வாக்கி டாக்கியில் காது சரியாகக் கேட்காதாம். ஸ்டுடியோக்காரர் கீழே இருந்தால் மேலே படம் யார் எடுப்பது? தலைவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்காக மற்ற மூன்று பேரும், “தலைவர் போய் கீழ உக்காந்தா நல்லாவா இருக்கும்?” என்றார்கள். நல்லா இருக்காதாம். இவர் உட்கார்ந்தால் மட்டும் இத்தனை வருஷம் நன்றாக இருந்தது.

இதற்குள் சுவரோரத்திலிருந்து சத்தம் வந்தது. “விடும்மா. அவங்களை எதுக்குச் சங்கடப்படுத்தறே? நானே இருந்துக்கறேன்.”

அதோடு என் பொறுமை போயிற்று. “நீங்க ஒண்ணும் இருக்க வேண்டாம். நம்ம வண்டியை எடுத்துக்கிட்டு நான் வரேன். கீழ நான் இருந்துக்கறேன். நீங்க டாக்டர் வண்டியில ஏறி மேல போங்க” என்றேன்.

சொல்லி வாயை மூடவில்லை, “பிரமாதம்!” என்று தலைவர் மேஜையைத் தட்டினார். எனக்குக் கயிறு மாட்டத் தெரியுமா, காது கேட்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுப் பெண்களை அந்த மலைக்குக் கூட்டிப் போவதில்லை என்பது அவர்கள் இத்தனை காலம் கட்டிக் காத்த சட்டம். காவலுக்கு ஆள் வேண்டும் என்றதும் அந்தச் சட்டம் எங்கள் மேஜை மேலேயே செத்துப்போயிற்று.

ஆனாலும் இவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. கண்ணாடி முன்னால் நின்று தொப்பி போட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டில் பைனாகுலர் இரவல் வாங்கி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வெகுநேரம் பார்த்தார். குளிக்கும்போது பாட்டு கேட்டது. இந்த மனுஷனுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஜீப்பின் முன்பக்கத்தில் வண்டிகளை இழுப்பதற்கென்று இருக்கும் வின்ச் உருளையில் கயிற்றைச் சுற்றுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு.

“நீ கீழ இருக்கறதுல எனக்கு ஒரு கவலையும் இல்ல. மேல போனதும் வாக்கி டாக்கியில உனக்கு ஒண்ணு விடாம சொல்றேன். நீ கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா போதும், நேர்ல பாத்த மாதிரியே இருக்கும்” என்றார்.

கயிற்றைக் கீழே போட்டேன்.

“ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?”

இவர் விழித்தார். “என்னம்மா ஆச்சு?”

“அந்த நாலு பேர் கேக்கல, சரி. அவங்களுக்கு நான் யாரோ. உங்களுக்கும் தோணலையா? நீ பாக்க வேண்டாமா, உனக்கு ஆசை இல்லையான்னு ஒப்புக்காவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நீதானே கீழ இருக்கேன்னு சொன்னே...”

“நீங்களும்தான் வருஷா வருஷம் சொன்னீங்க. ஆசைப்பட்டா சொன்னீங்க?”

கிரீஸ் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆத்திரத்தில் வருகிற அழுகை. அந்த நாலு பேர் மேல் இருந்த ஆத்திரத்தைவிட இது பெரியதாக இருந்தது. இவர் உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் போனில் பேசும் சத்தம்.

“தலைவரே, நான்தான் பேசறேன். சாப்பிட்டாச்சா?... ஒண்ணுமில்ல, ஒரு சின்ன விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது...”

நான் வாசலில் நின்று பல்லைக் கடித்தேன். இவர் பூசி மெழுகிவிட்டு வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“மேல நாங்க ரெண்டு பேரும் வர்றோம். எங்க வண்டியிலேயே... ஆமாங்க, அவளும்தான்... கீழயா? கீழ யாருன்னு எனக்குத் தெரியாதுங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து தலைவர் குரல் வாசல்வரை கேட்டது. பொறுப்பு, இத்தனை வருஷப் பழக்கம், உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை என்று என்னவெல்லாமோ சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் “ஆமாங்க, ஆமாங்க” என்று கேட்டுக்கொண்டார். அப்புறம், “அப்படி முடியாதுன்னா நாங்க வரலைங்க. வண்டியும் வராது, கயிறும் வராது. வச்சுடட்டுங்களா?” என்று மரியாதையாகக் கேட்டு வைத்துவிட்டார்.

வெளியே வந்தார். “ரொம்பக் கடுமையா பேசிட்டேனோ?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் போட்ட செய்தி வந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் வண்டி வரிசையில் சிறு மாற்றம், கீழே மச்சான் இருப்பார் என்று. அந்தச் செய்திக்கு அடியில் மச்சானே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். கேட்காத காது ஒரே போனில் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதானா? ஒரு போன்தானா? இதை முதல் வருஷமே பேசியிருந்தால் முதல் வருஷமே நடந்திருக்குமே! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாலு பேர் போதவில்லை, இவரைச் சேர்த்தும் போதவில்லை. எத்தனை வருஷம் இந்த மனுஷன் அந்தப் பாறைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்!

இவர் செய்தியை இன்னொரு தடவை படித்தார். நெற்றியைச் சொறிந்தார்.

“மச்சான் பாவம், தனியா இருப்பாரு. நாம மேல போய் ஒரு பார்வை பாத்துட்டுச் சீக்கிரம் இறங்கிடலாமா?”

“நீங்க வேணா இறங்குங்க. பொழுது சாயற வரைக்கும் நான் இறங்க மாட்டேன்” என்றேன்.

“சாயங்காலம் வரைக்கும்னா ரெண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்து வைக்கணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.