பூக்குழி இறங்கியவளின் பாதம்

நீறு துலங்கும் மேனியனே, நினைப்பவர் நெஞ்சில் அணையாத சுடரே, இடப்பாகம் பிரியாத அன்னையோடு இவ்வெழுத்துக்குத் துணை நில். மனைவியின் பாதத்தைப் பற்றி எழுதப் புகுகிறேன். சொல் பிழையாதிருக்க அருள்செய்.

இன்று ஆடிப்பூரம், அன்னைக்கு வளையல் சாத்தும் நன்னாள். திகாம் பத்து என்னும் எங்கள் மலேசிய ஊரின் கோயிலில் பதிகம் பாடி முடித்து வந்து அமர்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் இந்நாளில் வளையல்களைச் சரமாகக் கோத்துத் தருபவள் என் மனைவி. இவ்வாண்டு வேறு யாரோ கோத்தார்கள்.

ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பங்குனிதோறும் அவள் பூக்குழி இறங்குவாள். பால்மரம் வெட்டிய காலத்து வேண்டுதல் அது. தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் தாமான் என்னும் புதுக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிவந்த பின்னும் அவள் அதை விடவில்லை. விரதம் பிழையாதவர் காலைத் தணல் சுடாது என்பது எங்கள் மக்களின் நம்பிக்கை. கொப்புளம் கண்டுவிட்டால், என்ன தப்புச் செய்தாளோ என்ற பேச்சு கோயில் வாசலிலேயே தொடங்கிவிடும். ஆகவே வலது உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி தோன்றியபோது, தணல் சுட்ட வடு என்று எண்ணி அவள் அதை மறைத்தாள். அதன்மேல் மஞ்சள் அரைத்துப் பூசினாள். கோயிலில் அமரும்போது சேலையைக் காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கண்டுபிடித்தவள் எங்கள் மகள். கூலிம் நகரத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். விடுப்பில் வந்தவள் தாயின் காலில் மருதாணி இட உட்கார்ந்தபோது அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது? எவ்ளோ நாளா இருக்கு?"

"தணல் சுட்டதுடி. கத்தாத. பக்கத்து வீட்டுக்காரி காதுல விழுந்தா, நான் விரதத்துல நெத்திலி சம்பல் தின்னேன்னு ஊரெல்லாம் சொல்லிருவா."

"தின்னியா?"

"அடி செருப்பால!"

இருவரும் சிரித்தார்கள். மகளின் கைப்பேசியில் ஒரு செயலி இருந்தது. தோலைப் படம் பிடித்துக் காட்டினால் புற்றுநோயா இல்லையா என்று சொல்லுமாம். படம் பிடித்தாள். பச்சை நிறத்தில் விடை வந்தது: அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. "மிஷினே சொல்லிருச்சுலா, விடு," என்றாள் மனைவி. அன்று மாலை பூசையறையில் அவள் ஏற்றிய கற்பூரத்தை நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அடுத்த பங்குனியிலும் அவள் தணலில் இறங்கினாள். அதன் பிறகு புள்ளி, ஈரத்தாளில் விழுந்த மைபோல் ஓரம் சிதறி விரிந்தது. ஒரு நாள் அதிலிருந்து இரத்தம் கசிந்தது.

சுங்கைப் பட்டாணி நகர மருத்துவமனைக்குச் சென்றோம். சதையைச் சிறிது எடுத்துச் சோதித்தார்கள். தோல் புற்றுநோய், அது தொடை இடுக்கின் நெறிக்கட்டிவரை ஏறிவிட்டிருந்தது. மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். மகளின் கைப்பேசியை வாங்கி, அந்தச் செயலியில் இருந்த மாதிரிப் படங்களை எங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். வெளுத்த முதுகுகள், வெளுத்த கைகள்.

"இது படிச்சதெல்லாம் வெள்ளத் தோலுதான், அங்கிள். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இது வந்தா, பெரும்பாலும் உள்ளங்கால்லயோ நகத்துக்கு அடியிலயோதான் வரும். அந்த மாதிரி கால இது பார்த்ததே ரொம்பக் கொஞ்சம்."

என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது தணல் சுட்டதில்லையா டாக்டர்? நான் விரதத்துல ஒன்னும் தப்புப் பண்ணலதானே?"

மருத்துவர் கைப்பேசியைக் கீழே வைத்தார். "ஒன்னுமே பண்ணலம்மா," என்றார் பிறகு.

அப்போதுதான் அவள் அழுதாள். நோயின் பெயரைச் சொன்னபோது அழாதவள்.

எல்லா நிறத் தோலையும் சரியாகப் பார்க்கும் கருவி ஒன்றைப் பழக்கிவருகிறார்கள் என்றும், அதற்குக் கருத்த தோலின் படங்கள் போதவில்லை என்றும், விருப்பமிருந்தால் மட்டும் தரலாம் என்றும் மருத்துவர் சொன்னார். நான் தயங்கினேன். அவள் தயங்கவில்லை.

"எடுத்துக்கங்க. மஞ்ச பூசிட்டு வந்துர்றேன்."

"மஞ்ச வேணாம்மா. நிறம் மாறிப்போயிரும்."

மஞ்சளைத் தேய்த்துக் கழுவினாள். மணமான நாள்முதல் அந்தப் பாதத்தை மஞ்சளின்றி நான் கண்டதில்லை. விளக்குப் பொருத்திய வட்டக் கண்ணாடியைப் படக்கருவியோடு மருத்துவர் அதன்மேல் வைத்தபோது கால் நடுங்கியது. படம் கலங்கிவிடக் கூடாதே என்று நான் கணுக்காலைப் பற்றினேன்.

"ஐயோ, விடுங்க! சாமி பாட்டுக்குத் தாளம் போடுற கை."

"ஆடாம இரு," என்றேன். விடவில்லை. திருவடி, திருவடி என்று வாழ்நாளெல்லாம் பாடிய வாய்க்கு அன்று வேறு சொல் வரவில்லை.

அடுத்த பங்குனிக்கு முன்பே அவள் போய்விட்டாள். கருவி இன்னும் சோதனையில்தான் இருக்கிறதாம். சில வேளை பிழையும் சொல்கிறதாம். அது படித்த பாதங்களுள் அவளுடையதும் ஒன்று.

இன்று காலை பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள், அவள் அஞ்சிய அதே அம்மாள், என்னைத் தூண் மறைவுக்கு அழைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, யாருக்கும் சொல்லிறாதீங்க. இது வெறும் தழும்புதானா?"

குதிகால் ஓரத்தில் ஒரு கருமை. "எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "போன்ல பாத்துட்டுச் சும்மா இருந்துராதீங்க. என் மகள் வண்டி எடுத்துட்டு வரா. நாளைக்கே டாக்டர்கிட்ட போயிருவோம்."

"நான் விரதமெல்லாம் ஒழுங்காத்தான் இருந்தேண்ணே," என்றார் அவர். காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"தெரியும்மா," என்றேன்.

இதைப் படிக்கும் அனைவருக்கும் அன்னை துணையாகுக. உங்கள் உடலில் எந்தக் கருமையும் வெட்கத்தால் மறைக்கப்படாதிருக்க. உங்களைச் சோதிக்கும் கண், மனிதருடையதாயினும் கருவியினுடையதாயினும், உங்கள் நிறத்தையும் அறிந்த கண்ணாக அமைக. நீங்களும் உங்கள் இல்லத்தாரும் நெடிது வாழ்க.