சில மாத மந்திரிசபையின் காவல்காரர்

கோந்தும் பழைய காகிதமும் கலந்த அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது...

விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகம். நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். தியாகி பென்ஷன் மனுக்கள் என் சீட்டுக்குத்தான் வரும்.

ஒருநாள் காலை, கண்டமங்கலம் பக்கத்திலிருந்து முனுசாமி என்று ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர்.

பாண்டிச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போவதற்குச் சில மாதம் முன்பே, எல்லையோரக் கிராமங்கள் சில தங்களை விடுவித்துக்கொண்டனவாம். அங்கே ஒரு தற்காலிக அரசு, அதற்கு ஒரு மந்திரிசபை. பாண்டிச்சேரியே இந்தியாவோடு சேர்ந்ததும் அதற்கு வேலையில்லாமல் போனது. முனுசாமிக்கு வீடு நம் பக்கம், நிலம் பிரெஞ்சுக்காரர் பக்கம். நடுவில் ஒரு வரப்புதான் எல்லை.

"மந்திரிங்க உள்ள பேசிக்கினு இருப்பாங்க. நான் வாசல்ல கம்போட நிப்பேன். லெட்டர் குடுத்தா வரப்பு மேலயே ஓடிப்போய் சேத்துட்டு வருவேன்."

விதிப்படி கேட்டேன். ஜெயில் சான்றிதழ் இருக்கிறதா? கூட ஜெயிலில் இருந்தவர் யாராவது எழுதித் தருவாரா?

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னாம்மா நீ... கவர்ன்மெண்ட்டே நாங்கதான். எங்கள யாரு ஜெயில்ல போடுவான்?"

பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாண்டிச்சேரியில் கேட்டதற்கு, "நீங்க தமிழ்நாட்டு ஓட்டர், அங்க போங்க" என்று அனுப்பிவிட்டார்களாம்.

"பென்ஷன் வராட்டி போவுதும்மா. நான் பொய் சொல்றேன்னு ஊர்ல 'மந்திரி, மந்திரி'ன்னு கிண்டல் பண்றானுங்க. அந்த கவர்ன்மெண்ட்டு இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. அது போதும்."

விசாரித்திருக்கலாம். மேஜையில் மனுக்கள் குவிந்து கிடந்தன... ஒரு பதிவேட்டைக்கூட நான் புரட்டவில்லை. 'அவ்வாறான அரசு இயங்கியதற்கு ஆதாரம் இல்லை' என்று பதில் எழுதி வைத்தேன். அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிறேன். போன மாதம் போனில் எதையோ படிக்கப்போய், அந்த மந்திரிசபை கண்ணில் பட்டது. முனுசாமி சொன்னது அத்தனையும் நிஜம்.

மனசு கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய், விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் இறந்து பல வருஷமாகிவிட்டது. மகன் இருந்தார். முன்பு அந்த ஆபீசில் வேலை பார்த்தவள் என்று மட்டும் சொல்லி, போனைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தார்.

"உங்க ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்த அன்னிக்கு, அவரே எல்லாரையும் டீக்கடைக்கு கூப்ட்டு வச்சி படிக்கச் சொன்னாரு மேடம். இருந்துச்சுன்னுதான் எழுதியிருக்கும்னு நம்பிக்கினு இருந்தாரு. அதுக்கப்புறம் அதப் பத்தி வாயே தொறக்கல."

அன்று இதைத் தேட ஒரு நாள் முழுக்க ஆகியிருக்கும். இன்று ஒரு நிமிஷம் போதும்... காட்டுவதற்குத்தான் அவர் இல்லை.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகன் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்கப்பா பொய் சொல்லலன்னு சொல்ல இவ்ளோ தூரம் வந்தீங்களே மேடம்... உங்கள மாதிரி ஒருத்தர் அன்னிக்கு அந்த சீட்ல இருந்திருக்கணும்."

ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.