மணிக்கட்டு வலிக்கு ஒரு அவுன்ஸ் கொய்னா

போன ஞாயிற்றுக்கிழமை பெம்பான் ஊர் அப்பக்கடையில் ஒரு பெண்பிள்ளை எனக்கு இடது கையால் அப்பத் தட்டை நீட்டினாள்.

எனக்கா! முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரெசராக இருந்தவன் நான். தொழிலாளர் லயத்துப் பக்கம் போனால் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். (மரியாதையா, மருந்து பயமா என்று நான் விசாரித்ததில்லை.) வேலையை விட்டு மலாக்கா டவுனில் குடியேறி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த முறுக்கு மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"ஏம்மா, பெரியவங்களுக்கு இடது கையாலயா நீட்டுறது? வீட்டுல சொல்லித் தரலையா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

கடை என்பது பெரிய வார்த்தை. ஓர் அடுப்பு, ஒரு பெஞ்சு, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. பெஞ்சில் இருந்த நாலு பேரும் வாயில் வைத்த அப்பத்தை மெல்லாமல் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் சிரித்தாள்.

"டிரெசர் ஐயாவா? தொப்பி இல்லாம அடையாளமே தெரியலயே! வலது கையாலயும் தருவேன் ஐயா. ஆனா அது நீங்க வைத்தியம் பார்த்த கை. தட்டு தாங்காது."

பெஞ்சு குலுங்கியது.

நான் அந்த வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, உள்ளங்கை கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து... அஞ்சலை!

வாராவாரம் எழுதுகிற இந்தப் பத்தியில் எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறேன். இந்த வாரம் என் முறை.

ஏழு வருஷத்துக்கு முந்திய கதை. ரப்பர் விலை படுத்துக் கிடந்த நேரம். கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு சேதி வந்தது — சீமையிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வருகிறார். எந்தத் தோட்டத்தை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று நேரில் பார்க்கப்போகிறார்.

தோட்டமே நடுங்கியது. என்னையும் சேர்த்துத்தான். தோட்டம் இல்லாத டிரெசரை யார் வைத்துக்கொள்வார்கள்?

எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் இளவட்டம். தேகப்பயிற்சிப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்து வைத்திருந்தார். துரையை மயக்க ஒரே வழி பிள்ளைகளின் டிரில்தான் என்று அவர் சொல்ல, எல்லோரும் நம்பினோம். பதினாறு பிள்ளைகளைப் பொறுக்கினார். பல்டி, கர்ணம், தோள்மேல் தோள் ஏறிக் கோபுரம் — தினமும் பிற்பகல் பெரட்டுக் களத்தில் பயிற்சி. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற அந்த இடம் செம்மண் இறுகிப் பாறையாகக் கிடக்கும். பாய் கிடையாது. சாக்குக்கூடக் கிடையாது.

கோபுரத்துக்கும் மேலே ஓர் அயிட்டம் வைத்திருந்தார். பத்து வயது அஞ்சலை தலைகீழாக, இரண்டு கைகளால் நடந்து வருவாள். அவளுடைய பாதங்களுக்கு நடுவில் ஒரு பூச்செண்டு. கொடிக்கம்பத்திலிருந்து துரையின் மேஜைவரை நடந்து, அப்படியே காலை மடக்கிப் பூச்செண்டை மேஜைமேல் போடவேண்டும்.

கங்காணி கொதித்துவிட்டார். "என்ன வாத்தியாரே, துரைக்குக் காலாலயா பூவு குடுக்குறது? நல்லா இருக்கா?"

"வெள்ளைக்காரனுக்குக் கை என்ன, கால் என்ன? அவுங்க ஊருல இதுக்குக் கைதட்டுவான் கங்காணியாரே!"

கங்காணி துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு பையன் மணிக்கட்டு வலி என்று என்னிடம் வந்தான். கையைத் தடவிப் பார்த்து, வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டு, இரண்டு நாள் ஓய்வு எழுதிக்கொடுத்தேன். போகும்போது ஒரு பிஸ்கட்டும் கொடுத்தேன். அங்கேதான் தவறினேன்.

மறுநாள் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஏழு பேருக்கும் மணிக்கட்டு!

"எந்தக் கைடா?"

"நேத்து அவனுக்கு எந்தக் கைங்க ஐயா?"

இன்னொருவன் இடது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போனான்; மாலையில் அந்தக் கையாலேயே மரம் ஏறி ரம்புத்தான் பறித்தான். அஞ்சலை மட்டும் அந்த வரிசைக்கு வரவே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வாத்தியார் ஓடி வந்தார். "டிரெசரே, இன்னும் பத்து நாள்தான் இருக்கு. இந்தத் தொத்து வியாதியை நிறுத்துங்க!"

அன்றைக்கு எனக்கு உதித்த யோசனையை நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். மணிக்கட்டு வலி என்று யார் வந்தாலும் ஒரு அவுன்ஸ் கொய்னாத் தண்ணீர். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே கசப்புச் சாமான். என் கண்முன்னால் குடிக்கவேண்டும். கட்டு இல்லை, ஓய்வு இல்லை, பிஸ்கட் இல்லவே இல்லை.

கொய்னா குடித்தவர்களுக்குத் தெரியும். நாக்கு மூன்று வேளைக்குச் சோற்றை மறந்துவிடும்.

முதல் நாள் இரண்டு பேர் குடித்தார்கள். மறுநாள் அந்த இரண்டு பேருடைய மணிக்கட்டும் வஜ்ஜிரமாகிவிட்டது. தோட்டம் முழுக்க ஒரு வலி இல்லை! வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாத ரிப்போர்ட்டில் "மணிக்கட்டு வலி — முற்றிலும் நிவர்த்தி" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மை காய்வதற்குள் அஞ்சலை வந்தாள். "வலிக்குதுங்க ஐயா. கையை ஊனுனா உள்ள குத்துது."

கொடுத்தேன். குடித்தாள்.

மறுநாளும் வந்தாள். முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டு, "இன்னும் குத்துதுங்க" என்றாள்.

மூன்றாவது நாளும் வந்தாள்.

கொஞ்சம் யோசியுங்கள். பொய் வலிக்காக எந்தப் பிள்ளையாவது மூன்று நாள் கொய்னா குடிக்குமா? என் சோதனை சரியாகத்தான் வேலை செய்தது — பதினாறு பேரில் உண்மையான வலியை அது பிரித்தெடுத்துக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. சுத்தமாகத் தெரிந்துவிட்டது. ஆனால் விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. பூச்செண்டு அவள் காலில் இருந்தது. என் வேலை துரையின் கையில் இருந்தது.

மூன்றாவது அவுன்ஸையும் ஊற்றிக் கொடுத்தேன்.

நாலாவது நாள் அவள் வரவில்லை. குணமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களத்துப் பக்கம் போனால், விரல்களை மடக்கி முட்டியை ஊன்றி நடந்துகொண்டிருக்கிறாள்! மணிக்கட்டு பின்னால் மடங்காமல் இருக்க அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்த வழி. மூன்று நாளாக என்னால் முடியாத வைத்தியம். முட்டித் தோல் உரிந்து ரத்தம். அதற்கு மட்டும் அக்கறையாக அயோடின் தடவினேன்.

வாத்தியார் அதையும் தடுத்துவிட்டார். "துரை முன்னால முட்டியை மடக்கிக்கிட்டா வர்றது? குத்த வர்றான்னு நெனச்சுக்குவாருலா! கையை விரி."

விரித்தாள். விழா நாளில் கொடிக்கம்பத்திலிருந்து மேஜைவரை விரித்த கையால் நடந்தாள். பூச்செண்டு துரையின் தொப்பிக்குப் பக்கத்தில் சரியாக விழுந்தது. துரை எழுந்து நின்று கைதட்டி, ஒரு டப்பா பிஸ்கட்டை நீட்டினார்.

அஞ்சலை இடது கையை நீட்டி வாங்கினாள்.

"ஏய், சோத்துக் கையால வாங்கு புள்ள!" என்று கங்காணி பல்லைக் கடித்தார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். காரணம் தெரிந்த ஒரே ஆள் சிரித்தான்.

தோட்டத்தை மூடவில்லை. ஆனால் பின்னால் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி சொன்னார் — எதை மூடுவது என்று துரை கப்பலிலேயே முடிவு செய்துவிட்டாராம். பூச்செண்டுக்கு அதில் பங்கே இல்லை.

கை வீங்கி, ஒரு மாதம் கழித்துத்தான் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இப்போது ஊருக்கு ஊர் தேகப்பயிற்சிச் சங்கம் வந்துவிட்டது. உங்கள் பிள்ளைகளும் கைகளால் நடக்கிறார்கள்.

வளர்கிற பிள்ளைக்கு எலும்பின் நுனி இன்னும் முற்றியிருக்காது. உடம்பின் முழுப் பாரமும் தினமும் அங்கே இறங்கினால் அது நோகும்; கவனிக்காமல் விட்டால் அந்த நுனி வளராமல் நின்று கை கோணிவிடும். அந்த வலிக்கு மருந்து கையைத் தரையில் ஊன்றாமல் இருப்பதுதான். சில வாரம் ஆகும்; சமயத்தில் மாதக் கணக்கும் ஆகும். அதுவரை பிள்ளை ஓடலாம், குதிக்கலாம், காலுக்கு உள்ள பயிற்சியெல்லாம் செய்யலாம். அமுக்கினாலும் வலி இல்லை என்று ஆன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம். திரும்பக் குத்தினால் அன்றைக்கே நிறுத்தவேண்டும். சுளுக்கு என்று சொல்லி இழுத்து நீவாதீர்கள். வலிக்கிறது என்று வந்து நிற்கிற பிள்ளையை முதலில் நம்புங்கள். ஏழு பேர் பொய் சொன்னால் ஏழு பிஸ்கட் நஷ்டம், அவ்வளவுதானே?

டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்தப் பெண் முன்னாலேயே வந்து சொல்லவில்லையா?"

"இல்லை சார்" என்றேன்.

போகட்டும். பெம்பானுக்கு வருவோம்.

அப்பம் ஆறிக்கொண்டிருந்தது. "உளி பிடிச்சு ரப்பர் மரத்துல பால் வெட்ட முடியலன்னு இந்த அடுப்பு வேலைக்கு வந்தியா அஞ்சலை?" என்று கேட்டேன்.

"நல்லதாப் போச்சுங்க. விடியக்காலம் பெரட்டுக்கு எந்திரிக்க வேணாம்" என்று மாவை ஊற்றினாள். இடது கையால்தான்.

பெஞ்சில் ஆள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். "மூணாவது நாளே எனக்குத் தெரியும்மா. நெசமான வலின்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். டாக்டர்கிட்டயும் நீ வரவே இல்லைன்னு பொய் சொன்னேன்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். அடுப்பில் அப்பம் கருகியது, அதைக்கூட எடுக்கவில்லை.

"எனக்கும் தெரியும் ஐயா" என்றாள் மெதுவாக. "மூணாவது நாள் நீங்க என் மூஞ்சியப் பார்க்காமலேதான் ஊத்துனீங்க."

அவள் உள்ளே திரும்பி, ஒரு குவளை கோப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தேன். சீனி இல்லை. கடைந்தெடுத்த கசப்பு.

"முழுசும் குடிங்க. என் கண்ணு முன்னால."

குடித்தேன். இரண்டாவது குவளை வந்தது. அதிலும் சீனி இல்லை. அவள் உதட்டோரத்தில் பழைய சிரிப்பு எட்டிப்பார்த்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் என்னையும் குவளையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மூன்றாவதை இடது கையால் நீட்டினாள். நான் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.